எவன் பானை

என் அக்கா புருஷன் பலராமனுக்கு உலகத்திலேயே பயமான காட்சி ஒன்றுதான். வெளியூர் ஆள் ஒருத்தன் வந்து, ஒரு நிலத்தின் ஓரமாக நின்று, அதை ஆசையாகப் பார்ப்பது. பார்க்கிற ஆள் கண் கலங்கிவிட்டால் மாமாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பாம்பைக் கண்டால்கூடக் கழியால் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிற மனுஷன் அவர்.

காரணம் இருக்கிறது. வடக்குப்பட்டில் ஏரிக்குக் கீழே மாமாவுக்கு ஒரு நஞ்சை இருந்தது, அதில் ஒரு கிணறும் இருந்தது. ஒரு பங்குனி மாதம் தாம்பரத்திலிருந்து, சட்டையை இன் பண்ணிய பெரியவர் ஒருத்தர் வந்து கிணற்றுமேட்டில் நின்றார். "எங்க அப்பா இந்தக் கெணத்துலதான் நீச்சல் கத்துக்கினாராம்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா உருகிப்போய் அக்காவிடம் மோர் கொண்டுவரச் சொன்னார். பெரியவர் சொம்பு மோரையும் குடித்துவிட்டு, கிணற்றை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார். அடுத்த அறுவடைக்குள் கோர்ட் நோட்டீஸ் வந்தது. மாமாவின் தாத்தாவுக்கு மூத்த தாரம் ஒருத்தி இருந்ததும், அந்த வழியில் வாரிசு இருந்ததும், நஞ்சை அவர்கள் பாகம் என்பதும் அப்போதுதான் எங்களுக்கே தெரியும்.

கேஸ் தோற்றது. பெரியவர் நிலத்தை விற்றார். வாங்கினவர்கள் மண்ணடித்துக் கிணற்றைத் தூர்த்தார்கள். அதன்மேல் நீலத் தகரம் போட்ட ஒரு கம்பெனி எழும்பியது. கல்யாணத்துக்கு நாங்கள் சீர் வைத்த பித்தளைக் குடம் ஒன்று அக்கா கை தவறி அந்தக் கிணற்றில்தான் விழுந்து கிடந்தது. பாதாளக் கரண்டி போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் குடத்தோடு சேர்த்தே கிணறு போனது. "ஒரு சொம்பு மோர் குடுத்து நெலத்த வுட்டவன் நான்" என்று மாமா இன்றைக்கும் சொல்வார்.

அக்கா பெயர் பாஞ்சாலி, மாமா பலராமன், நான் புருஷோத்தமன். வீட்டுக்குள்ளேயே பாதி பாரதம் இருக்கிறது. நிலத்தகராறு வராமல் வேறு என்ன வரும்?

மிச்சம் இருந்தது மேடு. ஊருக்கு வடக்கே கொஞ்சம் உயர்ந்த இடம். அதில் அவர்கள் வீடு, கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிற ரெண்டு ரூம், ஒரு வேப்பமரம், பின்னால் முள் மண்டிய மூலை. இந்த மண்ணில் என்னுடையது என்று மாமா சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் பாக்கி. அதுவும் கையை விட்டுப் போய்விடுமோ என்ற கவலையில்தான் அவர் தினமும் எழுந்து, பல் விளக்கி, எல்லைக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு டீ குடிப்பார்.

அந்த மூலையைத்தான் தொல்லியல்காரர்கள் கேட்டார்கள். தமிழ்வாணன் என்று ஓர் இளம் அதிகாரி, தலையில் தொப்பி, பேச்சில் மரியாதை. நில உரிமையாளர் என்ற இடத்தில் மாமாவின் பெயரை அவர் எழுதுவதை மாமா எட்டிப் பார்த்தார். சர்க்காரே எழுதிவிட்டது என்ற சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டார். சதுரம் சதுரமாகக் குழி தோண்டினார்கள். மண்ணை அள்ளி ஜல்லடையில் சலித்தார்கள். மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் மண் ஒரு கூடைகூட வெளியே போகாமல் பார்த்துக்கொண்டார்.

ஒரு நாள் தமிழ்வாணன் குழிக்குள்ளிருந்து ஓர் உடைந்த பானைக் கைப்பிடியை எடுத்து, பிரஷ்ஷால் துடைத்து, முகமெல்லாம் பல்லாக மேலே வந்தார்.

"ஐயா, இது யவனர் பானை" என்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் 'எவன்' என்று யாரும் சுத்தமாகச் சொல்வதில்லை. யெவன் என்போம், அவசரத்தில் அது யவனாகிவிடும். படித்த அதிகாரி, கொஞ்சம் மரியாதை சேர்த்து, இது எவனார் பானை என்று கேட்கிறார் என்று மாமா எடுத்துக்கொண்டார். நிலத்தில் நின்றுகொண்டு எவனுடையது என்று யார் கேட்டாலும் மாமாவுக்கு ஒரே பதில்தான்.

"என்னுது சார்."

"இல்லீங்கய்யா, யவனர் பானை."

"அதான் சார் சொல்றேன். என்னுது. வேற யவனும் இங்க இல்ல."

சத்தம் கேட்டு அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆமா சார், நம்மளுதுதான். போன பொங்கலுக்கு நான்தான் கீழ போட்டு ஒடச்சேன். இந்த மனுசன் குப்பையில போடாம இங்க கொட்டிகீது" என்றாள். புருஷனை நிலத்தகராறில் தனியாக விடாத பொம்பளை என் அக்கா.

தமிழ்வாணன் சிரித்துவிட்டு, பானையைப் பஞ்சு வைத்த பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். பானை போனதில் மாமாவுக்கு வருத்தமில்லை. சிரித்ததுதான் உறுத்தியது. சாயங்காலம் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன், நாலு விஷயம் காதில் விழும். யவனர் என்றால் வெளிநாட்டுக்காரர்கள், ரோமாபுரியிலிருந்து கப்பலில் வந்து யாவாரம் செய்தவர்கள், இது அவர்கள் சரக்கு கொண்டுவந்த ஜாடி என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"வெளிநாட்டுப் பார்ட்டியா?" என்றார் மாமா. முகம் செத்துப்போயிருந்தது.

"ரெண்டாயிரம் வருசம் முன்னாடி மாமா."

"பன்னெண்டு வருசம் குந்திகினு இருந்தாலே அனுபவ பாத்தியம்ன்றான் கோர்ட்ல. அவன் ரெண்டாயிரம் வருசத்துப் பானையக் காட்டுவான். நான் இன்னாத்தக் காட்றது? ரேஷன் கார்டையா?"

"அவங்கல்லாம் செத்து மண்ணாப் பூட்டாங்க மாமா."

"தாம்பரத்தான் தாத்தாவும்தான் செத்தாரு. பேரன் வரல?"

அன்றிலிருந்து மாமா எல்லைக் கல்லைக் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் தொட ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சந்தனமாரி வாயைத் திறந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். மாமா வீட்டு ரூமில்தான் இருக்கிறாள், நீலக் கொட்டகை கம்பெனியில் வேலை. அவர்கள் லைனுக்குப் புதிதாக ஒரு பெரிய மெஷின் வந்திருந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க மெஷினோடு இத்தாலியிலிருந்து ஓர் ஆளும் வந்திருந்தார். பெயர் லூச்சியோ. இவள் சும்மா இருக்காமல் அந்த ஆளிடம் போனில் குழியின் போட்டோவைக் காட்டியிருக்கிறாள்.

"அங்கிள், அவரு ஞாயித்துக்கெழம வந்து பாக்கணும்னு சொல்லுதாரு. ரோமாபுரி அவங்க நாட்டுலதான இருக்கு. கூட்டிட்டு வரட்டா?" என்றாள்.

மாமா திண்டாடிப்போனார். அவள் போனதும் என் பக்கம் திரும்பினார். "பாத்தியா புருஷோ. சொன்னனா இல்லியா. அதுவும் இன்னாத்துக்கு ஞாயித்துக்கெழமையில வரான்? தாலுக்கா ஆபீஸ் லீவுன்னு தெரிஞ்சுதான் வரான்."

"வரவேணாம்னு சொல்லிடலாம் மாமா."

"சொன்னா இவன் இன்னாத்தையோ மறைக்கிறான்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். வரட்டும். பேசி முடிச்சிடலாம்."

சனிக்கிழமை முழுக்க ஏற்பாடுகள் நடந்தன. அக்காவுக்குக் கண்டிப்பான உத்தரவு, வந்த ஆளுக்கு மோர் கொடுக்கக் கூடாது. தயிர்ச் சட்டியையே பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். "வூட்டுக்கு வந்தவனுக்கு ஒரு வா தண்ணி குடுக்காத வூடா இது? பேரே லூசுன்றா அந்தப் பொண்ணு, அத்தப் பாத்தா பயப்படறது?" என்று அக்கா கத்தினாள். மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மளிகைக் கடையில் கட்டிக் கற்பூரம் ஒரு பொட்டலம் வாங்கிவந்து மடியில் முடிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் ஆட்டோவில் கூட்டிவந்தேன். லூச்சியோ உயரமான ஆள், ஐம்பது வயதிருக்கும். வெயிலில் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. ஆட்டோவில் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தார். மாமா வெள்ளை வேட்டி சட்டையில் மேட்டின் நடுவே, கேஸ் நடந்த காலத்தில் கோர்ட் வாசலில் நின்ற அதே மாதிரி நின்றார்.

லூச்சியோ கும்பிட்டார். நேராகக் குழிப் பக்கம் போனார். குழிச் சுவரில் இன்னும் பதிந்திருந்த பானை ஓடுகளை மண்டி போட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எதையும் தொடவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமா என் கையைப் பிடித்தார். "கலங்கிட்டான்டா" என்றார்.

லூச்சியோ ஏதோ சொன்னார். சந்தனமாரி எங்களிடம் திரும்பினாள். "இவங்க ஊர்லயும் இதே மாதிரிப் பானைதானாம் அங்கிள். மண்ணக் கெண்டுனா வருமாம். இவ்வளவு தூரம் வந்து இதப் பாக்கவும், சொந்த வீட்டுக்கு வந்தாப்ல இருக்காம்."

"சொந்த வூடா" என்றார் மாமா. அதற்குமேல் அவர் பொறுக்கவில்லை. ஒரு செங்கல்லை எடுத்துவந்து குழியோரம் வைத்தார், அதன்மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். "மாரி, நல்லா கேட்டுச் சொல்லும்மா. இந்த மேட்டு மேல எனக்கோ, ரோமாபுரியில கீற என் வம்சத்துக்கோ, எந்தப் பாத்தியமும் இல்ல, இனிமே யாரும் வந்து கேக்க மாட்டோம்னு சொல்லி, இந்தக் கற்பூரத்தக் கையால அடிச்சு அணைக்கச் சொல்லு."

சந்தனமாரி முழித்தாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் லைனில் பேசுகிற இங்கிலீஷ். ஷிப்ட், ஸ்டாப், ஓகே, நாட் ஓகே. அதில் பாத்தியத்துக்கும் வம்சத்துக்கும் வார்த்தை கிடையாது. கடைசியில் அவள் கையை முன்னால் நீட்டிக் காட்டி, "சார், ப்ராமிஸ். லைக் சேஃப்டி ப்ராமிஸ். தென் ஃபயர் க்ளோஸ்" என்றாள்.

கம்பெனியில் தினமும் காலையில் எல்லோரும் வரிசையில் நின்று, கையை நீட்டி, சேஃப்டி உறுதிமொழி சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். லூச்சியோவும் வந்த நாள் முதல் அந்த வரிசையில் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை, குழியோரத்தில், தீயை வைத்து அதைச் சொல்லச் சொல்கிறார்கள் என்றால் இந்த ஊரில் பாதுகாப்புக்கு எவ்வளவு மரியாதை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். விறைப்பாக நின்றார், கையை நீட்டினார், தன் பாஷையில் உறுதிமொழி முழுவதையும் சொன்னார். பிறகு உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி. கற்பூரம் அணைந்தது. அவர் கையை உதறிக்கொண்டு, வலிக்காத மாதிரி சிரித்தார்.

மாமா முகத்தில் ரத்தம் திரும்பியது. ரோமாபுரியின் வில்லங்கம் தீர்ந்தது. "அடியே பாஞ்சாலி, அந்த தயிர்ச் சட்டிய எட்டுகினு வா" என்று கூவினார்.

அதற்குப் பிறகு நடந்த உபசாரத்தைச் சொல்லி முடியாது. மோர் வந்தது. சோறு, கருவாட்டுக் குழம்பு, முட்டை, அப்பளம் என்று அக்கா அடுக்கினாள். வேப்பமரத்தடியில் பாய் போட்டு உட்கார்ந்தோம். மாமாவே விசிறினார், சுட்ட கைக்கு அக்கா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது மாமா ஒரு மரியாதைக்காக, "சாருக்கு ரோமாபுரியில எந்த எடம்?" என்று கேட்டார்.

லூச்சியோ தலையை ஆட்டி மறுத்தார். நெஞ்சில் கையை வைத்து நீளமாக ஏதோ சொன்னார். சந்தனமாரி ரெண்டு மூன்று தடவை திருப்பிக் கேட்டுக்கொண்டாள்.

"இவரு ரோமாபுரி ஆளு இல்லயாம் அங்கிள்."

மாமா வாய்க்குக் கொண்டுபோன கவளம் அப்படியே நின்றது.

"ஒரு மலைமேல சின்ன ஊராம். எட்ரு… எட்ருஸ்கன்னு ஒரு சனமாம். ரோமாபுரிக்கும் முந்துன ஆளுகளாம். ரோமாபுரிக்காரங்கதான் வந்து இவங்க நெலத்தயெல்லாம் புடுங்கிக்கிட்டாங்களாம்."

"எட்டூரா?" என்றார் மாமா. "அப்ப ரோமாவுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லியா?"

"இல்லயாம்."

"போச்சு. சம்பந்தமில்லாத பார்ட்டி பண்ண சத்தியம் எப்டி செல்லும்?" மாமா கவளத்தை இலையிலேயே போட்டுவிட்டார். மோரையும் சோற்றையும் பார்த்தார். அத்தனையும் வீண்.

லூச்சியோவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் பாட்டுக்குப் போனில் படம் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார், சந்தனமாரி கேட்டுக் கேட்டுத் தமிழில் மாற்றிக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊரில் அந்தப் பழைய சனத்தின் கல்லறைகள் இருக்கின்றன, கல்லறைக்குள் ஆணும் பெண்ணும் விருந்து சாப்பிடுகிற மாதிரி படம் எழுதியிருக்கிறது, டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள். அவர்கள் எழுத்தை வாசிக்கலாம், ஆனால் பாதிக்கு அர்த்தம் சொல்ல ஆள் இல்லை. பாஷை போய்விட்டது. இருந்தும் இவருடைய அப்பா இன்றைக்கும் சாப்பிட உட்கார்ந்தால் ரோமாபுரிக்காரனைத் திட்டாமல் எழுந்திருப்பதில்லை.

"எத்தினி வருசம் ஆவுது, நெலம் பூட்டு?" என்றார் மாமா.

"ரெண்டாயிரத்துச் சொச்சமாம்."

"இன்னும் கோவம் போவல?"

சந்தனமாரி கேட்டாள். போகவில்லை என்று லூச்சியோ சிரிக்காமல் தலையாட்டினார்.

மாமா இலையை ஓரமாக நகர்த்தினார். பிறகு அவரே ஆரம்பித்தார். நஞ்சையைப் பற்றி, கிணற்றைப் பற்றி, மோரைப் பற்றி, அக்காவின் குடத்தைப் பற்றி. அந்தக் கிணறு எப்படி இருந்தது என்று, கேஸ் தோற்றபிறகு அவர் வாயிலிருந்து நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மூன்று ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்றார். படியிலிருந்து குதித்தால் காது அடைக்கும் என்றார். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"அந்த எடம் எங்க இருக்குன்னு கேக்காரு அங்கிள்."

மாமா கையை நீட்டினார். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் நீலத் தகரம் வெயிலில் மின்னியது.

சந்தனமாரி அதைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். "எங்க கம்பெனியா? ரெண்டு வருசமா இங்கனதான இருக்கேன், ஒருநாளும் சொல்லலியே" என்றாள். "இவரு மெஷினும் அதுக்கு உள்ளதான் நிக்கு." அப்புறம் லூச்சியோவிடம், லைன் இங்கிலீஷிலும் கையாலும், எல்லாவற்றையும் மெதுவாக விளக்கினாள். கற்பூரம் எதற்கு என்பதையும் சேர்த்துத்தான்.

அவர் கேட்டுவிட்டுத் தன் சிவந்த உள்ளங்கையைப் பார்த்தார். எழுந்து போய் அந்தச் செங்கல்லை எடுத்துவந்து மாமா முன்னால் வைத்தார். கற்பூரம் வேண்டும் என்று ஜாடை காட்டினார்.

"அந்த நெலத்து மேல தனக்கோ தன் மெஷினுக்கோ ஒரு பாத்தியமும் இல்லன்னு சத்தியம் பண்ணுதாராம்" என்றாள் சந்தனமாரி.

"அதெல்லாம் செல்லாதும்மா. மெஷின் இன்ஜினியருக்கு இன்னா ரைட்டு கீது?" என்றார் மாமா. சொல்லிக்கொண்டே மடியை அவிழ்த்தார். கற்பூரத்தை வைத்தவரும் அவர்தான், கொளுத்தியவரும் அவர்தான். லூச்சியோ சுடாத கையை ஓங்கியபோது அந்தக் கையைப் பாதி வழியில் பிடித்துக்கொண்டதும் அவர்தான். கற்பூரம் அதுபாட்டுக்கு எரிந்து முடிந்தது.

மெஷின் வேலை முடிந்து லூச்சியோ ஊருக்குப் போய்விட்டார். மழைக்கு முன்னால் தமிழ்வாணனும் குழிக்குள் பிளாஸ்டிக் விரித்து, மண்ணைப் போட்டு மூடினார். "மேடு உங்களுதுதான்யா, யாரும் வந்து கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ரோமாபுரியிலிருந்து இதுவரைக்கும் யாரும் வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மாமா கற்பூரப் பொட்டலத்தை மாடத்தில் வைத்திருக்கிறார்.

போன வாரம் அவரை ஒரகடத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். நீலக் கொட்டகையைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தச் சொன்னார். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே மாட்டார் என்பதால் எனக்கு ஆச்சரியம். இறங்கி, கம்பி வேலியோரம் போய், ரெண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். உள்ளே சிமெண்ட் தரையும் வரிசையாக நிறுத்திய லாரிகளும்தான் இருந்தன. அதைத்தான் அவர் அப்படி ஆசையாகப் பார்த்தார். பக்கத்தில் போனேன். கண் கலங்கியிருந்தது.

கேட்டிலிருந்து செக்யூரிட்டி விசிலடித்துக்கொண்டே வந்தான். உள்ளூர்ப் பையன் இல்லை, மாமாவை அவனுக்குத் தெரியாது. தூரத்திலிருந்தே கையை ஆட்டினான். "யோவ் பெருசு, எவன்யா நீ?" என்று கத்தினான்.

மாமா கம்பியை விடவில்லை, கண்ணையும் துடைத்துக்கொள்ளவில்லை.

"யவனன்தான்பா" என்றார். "எங்க பானை ஒண்ணு உள்ள கீது."